கடைசி ஜோடி

பொழுது புலரவில்லை. சலவைக் கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே அதற்குள் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. துவைக்கும் இயந்திரங்கள், நகரத்து ஓட்டல்களில் முந்தின இரவு யார் யாரோ படுத்துப் புரண்ட வெள்ளை விரிப்புகளை முறுக்கிப் பிழிந்து தள்ளுவண்டிகளில் துப்பின. வண்டிக்குள் அவை ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு மலைப்பாம்புகளைப்போலக் கிடக்கும். அதில் ஒன்றின் தலையைத் தேடிப் பிடித்து உருவுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

நெட்டை ஒன்றை உருவினாள். ஈர விரிப்பு என்பது தூங்கிப்போன குழந்தை மாதிரி, எங்கே பிடித்தாலும் வேறு எங்கோ சரியும். அவள் இரண்டு முனைகளைப் பிடிக்க, எதிரே நின்ற மின்னல் மற்ற இரண்டைப் பிடித்தாள். இருவரும் ஒரே நொடியில் உதற வேண்டும். ஒருத்தி முந்தினால் மற்றவள் முகத்தில் ஈரத்துணி பளாரென்று அறையும். உதறிய விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, கொதிக்கும் பெரிய உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். உருளை அதை இழுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் அப்பளம்போலத் தள்ளும்.

கூடத்தில் அப்படி ஐந்து உருளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி.

"கையை ஆட்டு நெட்டை. சாமி ஊர்வலமா போகுது?" என்றாள் மின்னல். வயதில் சின்னவள். கூடத்திலேயே வேகமான கை அவளுடையதுதான். வாயும் அதற்குச் சளைத்ததில்லை.

நெட்டை உதறினாள். கண் மட்டும் கடைசி உருளைப் பக்கம் போய்ப் போய் வந்தது. அங்கே அவளுடைய அண்ணி, வலது தோள் தூக்க முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் வரை அண்ணியும் அவளும்தான் ஜோடி. அண்ணன் இறந்த பிறகு இருவரும் நெட்டையின் சின்ன மகளோடு ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே கதவுச் சாவி, ஒரே உருளை. வருஷக்கணக்காக எதிரெதிரே நின்று உதறியதில், ஒருத்தி மூச்சை இழுத்தால் மற்றவள் கை தானாக எழும். அண்ணிக்குப் பல்வலி என்றால் அவள் சொல்லாமலேயே விரிப்பின் நடுக்கத்தில் நெட்டைக்குத் தெரிந்துவிடும். "புருஷனை மாத்தினாலும் மாத்துவேன், ஜோடியை மாத்த மாட்டேன்" என்று அண்ணி மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். கூடவே பிஸ்கட். பிஸ்கட்டைப் பார்த்ததுமே நெட்டை அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. ஆனா ஒரு குடும்பத்துல எல்லாரும் ஒரே மாதிரி உழைக்கிறாங்களா?" என்றார். அவர் யாரையும் அதட்டியதே கிடையாது. நோயாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார். "அதனால ஒரு சின்னப் போட்டி வச்சிருக்கேன். மதியத்துக்குள்ள எந்த ஜோடியோட வண்டி கடைசியா காலியாகுதோ, அந்த ஜோடி வீட்டுக்குப் போயிடலாம். அரை நாள் கூலி. ஓய்வு மாதிரி நினைச்சுக்கங்க."

"அடிக்கடி ஓய்வு கிடைச்சா?" என்று கேட்டாள் வாயாடி. கூடத்தில் அவள் ஒருத்திதான் முதலாளியிடம் கேள்வி கேட்பாள்.

"ஒரு வாரம் பூரா கிடைச்சா நிரந்தர ஓய்வும்மா" என்றார் முதலாளி புன்னகை மாறாமல்.

அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் பாடவில்லை. ஒருத்தியின் தலைமுடி அவிழ்ந்தால் இன்னொருத்தி முடிந்துவிடுவதும் நின்றுபோயிற்று. அண்ணியும் நெட்டையும் அடுத்தடுத்துக் கடைசியானார்கள். நல்ல வெயிலில், வேலை நேரத்தில், திருட்டுப் பிள்ளைகள்போல வீட்டுக்கு நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அண்ணிதான் பேச்சை எடுத்தாள்.

"நாளையிலேருந்து நீ மின்னல்கூடச் சேர்ந்துக்க. அவ ஜோடி வேலையை விட்டு நின்னுட்டாளாம்."

"நீங்க?"

"நான் வாயாடிகூட. அவளையும் யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க, என்னையும் யாரும் சேத்துக்க மாட்டாங்க. பத்துப் பொருத்தமும் அமோகமா இருக்கு."

"அண்ணி..."

"என்னடி அண்ணி? என் தோள் எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியாகிறதுக்கு ஒருத்தியாவது தப்பிக்கலாம். ஒரு சம்பளமாவது முழுசா வரட்டும். பிள்ளைக்குச் செருப்பு வாங்கணும்."

வேண்டாம் என்று நெட்டை சொல்லியிருக்கலாம். ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். "சரி" என்றுதான் சொன்னாள். அந்தச் 'சரி' எவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வந்து விழுந்தது என்பதுதான் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கையோ துணியோ அதில் பட்டால் உருளை நின்றுவிடும். விரல் உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவசரத்தில் வீசுகிற விரிப்பு அதில் பட்டுக்கொண்டேயிருக்கும், உருளையும் நின்றுகொண்டேயிருக்கும். நின்ற உருளை மறுபடி சூடேறிச் சுழல்வதற்குள் பக்கத்து ஜோடி நாலு விரிப்பை முடித்துவிடும்.

அன்று காலை, நெட்டையின் கண் கடைசி உருளைக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தபோது, மின்னல் ஒரு பழைய விரிப்பிலிருந்து நீளமாக ஒரு துண்டைக் கிழித்தாள்.

"கம்பியை மேலே தூக்கிப் பிடி" என்றாள்.

நெட்டை பிடித்தாள். மின்னல் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். உருளை நிற்காமல் ஓடத் தொடங்கியது. அடுத்த உருளைக்காரிகள் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. மேஸ்திரி நடந்து வந்தார், கட்டுகளைப் பார்த்தார், பிறகு ஏதோ மறந்துவிட்டவர்போலச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பி அதையே வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசி உருளையில் மட்டும் கட்டு இல்லை. அண்ணியின் தோள் தொய்யும்போதெல்லாம் விரிப்பு கம்பியில் பட்டது. உருளை நின்றது. வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். அவர்களுடைய வண்டியில் மலைப்பாம்புகள் அப்படியே கிடந்தன.

நெட்டையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மின்னலிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, கிழித்ததில் மிச்சமிருந்த துண்டுத் துணியோடு ஓடினாள். அண்ணியின் உருளைக் கம்பியைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். இரண்டு முடிச்சு.

"இந்தாங்க. இனிமே நிக்காது."

"இப்படிக் கட்டலாமாடி?"

"எல்லாரும் கட்டிட்டாங்க அண்ணி."

அண்ணி சிரித்தாள். ஜோடி பிரிந்த நாளிலிருந்து நெட்டையின் முகத்தைப் பார்த்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. நெட்டைக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. தன் இடத்துக்குத் திரும்பி வந்து முன்னைவிட வேகமாக உதறினாள்.

வாயாடியின் குரல் கேட்டதா என்றால், கேட்கவில்லை. அதுதான் நெட்டையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூச்சுவிடாமல் பேசுகிறவள் வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தமே வரவில்லை. அண்ணிக்கு ஒரு பழக்கம். விரிப்பு மடங்கினால் உள்ளங்கையால் தடவிச் சரிசெய்வாள், குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல. கம்பியைக் கட்டாமல் விட்டிருந்த காலத்தில் உருளை நின்று அவளைக் காப்பாற்றிவிடும். இப்போது உருளை நிற்கவில்லை.

நெட்டை ஓடிப்போய்க் கட்டைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பிறாண்டினாள். பல்லால் கடித்தாள். தான் போட்ட முடிச்சு தனக்கே அவிழவில்லை. பாய்லர்காரர் ஓடிவந்து மொத்த மின்சாரத்தையும் நிறுத்தினார். கூடம் முழுவதும் ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல இயந்திரங்கள் அடங்கின. அதற்குப் பிறகுதான் அண்ணியின் அலறல் எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி அண்ணியைத் தன் காரிலேயே மருத்துவமனைக்கு அனுப்பினார். இருக்கையில் கறை படாமல் இருக்க ஒரு விரிப்பை நாலாக மடித்துப் போடச் சொன்னார்.

இரண்டு விரல்களைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உள்ளங்கைத் தோல் முழுவதும் வெந்துபோயிருந்தது. நெட்டை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி வந்து, முதலாளி கூப்பிடுகிறார் என்றார்.

முதலாளியின் அறையில் விசிறி ஓசையில்லாமல் சுழன்றது. இத்தனை வருஷத்தில் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை.

"உக்காரும்மா. உங்க அண்ணி எனக்குத் தங்கச்சி மாதிரி. ராத்திரி தூக்கம் வருமான்னு தெரியலை எனக்கு."

நெட்டை உட்காரவில்லை.

"நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வருவார். ஒரே ஒரு கேள்வி கேப்பார். அந்தக் கம்பியைக் கட்டினது யாருன்னு. உங்க அண்ணியே கட்டிக்கிட்டாங்கன்னு நீ சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. சொந்தக்காரி நீ சொன்னா அவர் மறுபேச்சு பேச மாட்டார்."

"அப்ப ஆஸ்பத்திரிச் செலவு?"

"அவங்க தப்புன்னா இன்சூரன்ஸ் தராது. சட்டம் அப்படி. ஆனா நான் இருக்கேன்ல? என் கையிலேருந்து ஏதாவது பண்ணுவேன். உனக்கும் இனிமே உதறுற வேலை வேண்டாம். மேஸ்திரிக்கு ஒத்தாசையா மேற்பார்வைக்கு வந்துடு."

"அண்ணி வேலை?"

"அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன வேலைம்மா?"

"எல்லா உருளையிலயும் கட்டியிருந்தது ஐயா. ஏன் கட்டினோம்னு நீங்க கேக்கலையே."

"ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டிருந்தா தொழில் நடத்த முடியாது." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "யார்னு மட்டும்தான் கேக்கணும். நீ சொல்லலைன்னா நான் விசாரிக்க வேண்டியிருக்கும். மேஸ்திரி ஒருத்தங்களைச் சொல்றார். அவர் கண்ணால பார்த்தாராம்."

"பார்த்தவர் ஏன் தடுக்கலை?"

"அது வேற கேள்வி" என்றார் முதலாளி.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது அவளுடைய மகள் அத்தையின் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மாள் கொண்டுவந்து விட்டிருந்தாள்.

"அத்தை கை பாக்ஸர் கை மாதிரி இருக்கும்மா" என்றது பிள்ளை.

"ஆமாடி. உங்கம்மாவை ஒரு குத்து விடலாம்னு பார்க்கிறேன்" என்றாள் அண்ணி. முகம் வெளுத்திருந்தது. உதடு மட்டும் வழக்கம்போலச் சிரித்தது.

நெட்டை எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி உட்காரச் சொன்ன நாற்காலியையும் விடவில்லை. அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கட்டினேன்னு சொல்லிடு" என்றாள் கடைசியில்.

"நான் கட்டினேன் அண்ணி. என் கையால, ரெண்டு முடிச்சு."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்னேன். என் கைதான் போயிடுச்சு. உன் வேலையும் போகணுமா? மேற்பார்வைன்னா நின்ன இடத்துல சம்பளம். ஒரு சம்பளமாவது..."

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிள்ளை அத்தையின் மறுபக்கம் நகர்ந்துகொண்டது. நெட்டை குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கணக்கைப் போட்டுத்தான் உங்களை விட்டுட்டு மின்னல்கூடப் போனேன். அதே கணக்கைப் போட்டுத்தான் முடிச்சுப் போட்டேன். நாமளும் ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் கணக்குப் போடுறோம் அண்ணி. ஒவ்வொரு தடவையும் நமக்குத்தான் குறையுது. எப்படி?"

அண்ணி கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். "என்ன பண்ணப் போறே?" என்றாள்.

"தெரியலை."

"தெரியாமலேயே இவ்வளவு கத்துறியா? தெரிஞ்சா கூரை பறக்கும்போல." அவள் இடது கையால் பிள்ளையின் தலையைத் தடவினாள். "போ. வீட்டுல ரொட்டி இருக்கு, அதை இவளுக்குக் குடு. காலையில இருட்டோட எந்திரிக்கணும்."

மறுநாள் இருட்டில் கூடத்துக்குள் நுழைந்ததும் நெட்டையின் கண் முதலில் கடைசி உருளைக்குத்தான் போனது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. துணி மடிக்கும் மேசையிலிருந்து ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்து வாயாடிக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். கம்பி கட்டப்பட்டிருந்தது.

ஐந்து உருளைகளிலும் கட்டப்பட்டிருந்தது.

நெட்டைக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது. "இதை யாரு கட்டினா?" என்று கத்தினாள்.

புதுப் பெண் பயந்துபோனாள். "நான்தான்க்கா. இப்படித்தான் கட்டணும்னு சொன்னாங்க."

"நேத்து இங்க என்ன நடந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா" என்றாள் அந்தப் பெண். அவள் கண்ணில் நீர் முட்டியது. "நான் கடைசியாயிட்டா மறுபடி மேசைக்குக்கூட எடுத்துக்க மாட்டாங்களாம்."

"அவகிட்ட ஏன் கத்துறே?" என்று மின்னல் நடுவே புகுந்தாள். "நேத்து நீ கட்டலையா?"

"கட்டினேன். அதனாலதான் கத்துறேன். அவிழுங்க எல்லாத்தையும்."

"அவிழ்த்துட்டு? நாங்க மூணு உருளைக்காரங்க அவிழ்ப்போம், நாலாவது உருளைக்காரங்க அவிழ்க்க மாட்டாங்க. மதியம் யாரு வீட்டுக்குப் போறது? உங்க அண்ணிக்காக நான் போகணுமா? எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கார் தெரியுமில்ல?"

"நாங்க ஏன் அவிழ்க்க மாட்டோம்?" என்று நாலாவது உருளைப் பக்கமிருந்து ஒருத்தி சீறினாள். "உன்னை நம்பினாத்தானே? முதல்ல துணி கிழிச்சவளே நீதான்."

"நீ மட்டும் கும்பிட்டுக்கிட்டு நின்னியா? என்னைப் பார்த்துத்தானே கிழிச்சே!"

ஆளுக்கு ஆள் பேசினார்கள். போன மாதம் யார் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, யார் யாருடைய வண்டியில் கனமான விரிப்பை ஒளித்துவைத்தார்கள் என்று எல்லா வயிற்றெரிச்சலும் வெளியே வந்தது. நெட்டைக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. முதலாளி இந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் இங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் வைத்த போட்டி அவருக்குப் பதிலாக எல்லோருடைய வாயிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

வாயாடி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றிலிருந்தே அவள் பேசவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவள் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தபடி, கரகரத்த குரலில் சொன்னாள்:

"அஞ்சு ஜோடியும் கடைசியா வந்துட்டா மேஸ்திரி யாரை அனுப்புவார்? பாவம், மனுஷன் தானே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி சிரித்தாள். மேஸ்திரி மதிய வெயிலில் தனியாக நடந்துபோகிற காட்சி எல்லோருக்கும் கண்முன் வந்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிஜமாவே யாரை அனுப்புவார்?" என்றாள் புதுப் பெண்.

விசில் ஊதியது. நெட்டை தன் உருளைக்குப் போய்க் கட்டை அவிழ்த்தாள். இரண்டாவது உருளைக்காரி அவளைப் பார்த்துக்கொண்டே, எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டிவிடத் தயாராக இருப்பவள்போல, தன் கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது அவிழ்ந்தது. ஐந்தாவது அவிழ்ந்தது. நாலாவது உருளைக்காரிகள் குசுகுசுவென்று பேசிவிட்டு, "ஏமாத்தினீங்கன்னா பாத்துக்கங்க" என்று பொதுவாக ஒரு மிரட்டலை விட்டுவிட்டு அவிழ்த்தார்கள்.

வேலை நடந்தது. விரிப்பு கம்பியில் பட்டது, உருளை நின்றது, காத்திருந்தார்கள். முந்துகிற ஜோடி தன் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்தியது. மின்னலுக்கு மட்டும் அது முடியவில்லை.

"என் கைக்கு மெதுவா வராது. என்னால ஆகாது" என்று முணுமுணுத்தாள். திடீரென்று விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கடைசி உருளைக்குப் போய், புதுப் பெண்ணின் வண்டியிலிருந்து ஒரு கட்டு விரிப்புகளை வாரிக்கொண்டு வந்து தங்கள் வண்டியில் கொட்டினாள்.

"என்ன பார்க்கிறே? உதறு" என்று நெட்டையை அதட்டினாள்.

உச்சிவேளை நெருங்கியபோது ஒவ்வொரு வண்டியிலும் ஒரே ஒரு விரிப்பு மிஞ்சியது. யாரும் எடுக்கவில்லை. மேஸ்திரி ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றார். நெட்டை குனிந்து எடுத்தாள். கூடம் நெடுக மற்ற நாலு ஜோடிகளும் எடுத்தார்கள். யாரும் சொல்லாமல், ஐந்து விரிப்புகளும் ஒரே மூச்சில் மேலே எழுந்து, ஒரே சத்தமாக உதறி இறங்கின. கூரையிலிருந்த புறாக்கள் கலைந்து பறந்தன.

"யாரு கடைசி?" என்றார் மேஸ்திரி.

"நீங்கதான் பார்த்துக்கிட்டிருந்தீங்க" என்றாள் வாயாடி. "பார்க்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா?"

அந்த நேரத்தில்தான் முதலாளி இன்சூரன்ஸ்காரரோடு உள்ளே வந்தார். வந்தவர் இளைஞர், கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டே இருந்தார். முதலாளி நெட்டையைக் காட்டி, "அவங்க வீட்டுப் பொண்ணு. எல்லாம் தெரியும். சொல்லும்மா, கம்பியைக் கட்டினது யாரு?" என்றார்.

நெட்டை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மேற்பார்வை, நின்ற இடத்தில் சம்பளம், பிள்ளையின் செருப்பு எல்லாம் ஒரு கணம் மின்னி மறைந்தன.

"நான் கட்டினேன்" என்றாள்.

முதலாளி எதிர்பார்த்தது இது இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "பார்த்தீங்களா? அவங்களே ஒத்துக்கிறாங்க."

"நான் இன்னும் முடிக்கலை ஐயா. கம்பி இருந்தா உருளை நிக்கும். உருளை நின்னா வண்டி காலியாகாது. காலியாகலைன்னா போட்டியில தோத்துட்டோம்னு அரை நாள் கூலியோட வீட்டுக்கு அனுப்புவீங்க. எங்க அண்ணி போகக்கூடாதுன்னு கட்டினேன்."

"முதல்ல கட்டினது நான்" என்று மின்னல் பக்கத்தில் வந்து நின்றாள். கோபத்தில் அவள் காது சிவந்திருந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியாது. "இவளுக்கு இறுக்கிக் கட்டவே தெரியாது. நான்தான் காட்டிக் குடுத்தேன். அஞ்சு உருளையிலயும் கட்டியிருந்தது. மேஸ்திரி பார்த்தார். பார்த்துட்டுக் கடிகாரத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்."

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க" என்றாள் வாயாடி. மேஸ்திரி தன் விசிலைப் பார்த்தார்.

இன்சூரன்ஸ்காரர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டி விவகாரமெல்லாம் எனக்குச் சொல்லலையே" என்றார் முதலாளியிடம். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் மேலிடத்துல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். வருவாரா, வந்தால் யாருக்காக வருவார் என்று அவர் முதுகைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை.

முதலாளி முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் வெளிய போங்க. மன்னிப்புக் கேக்கறவங்க மட்டும் உள்ள வரலாம்."

"கம்பியைக் கட்டக்கூடாது. போட்டி இருக்கக்கூடாது. எங்க அண்ணி கை ஆறுகிறவரைக்கும் கூலி, அப்புறம் அந்தக் கைக்குத் தகுந்த வேலை" என்றாள் நெட்டை. தன் வாயிலிருந்து இவ்வளவு கோர்வையாக வந்ததில் அவளே ஆச்சரியப்பட்டாள். "இதுக்கு நீங்க சரின்னு சொன்னா வரோம்."

"வெளிய!"

வாசலில் வெயில் தகித்தது. மதிற்சுவரின் ஓரமாக ஒரு கீற்று நிழல் இருந்தது; அதில் பத்துப் பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மடிக்கும் மேசைப் பெண்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உள்ள யாருமே இல்லை. ஆவி யாருக்குப் போடுறது?" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். ஓட்டல் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பசித்தது. யாரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. நாளைக்கு என்ன என்று ஒருத்தி கேட்டாள். "அதைப் பத்தி நாளைக்குப் பேசலாம்" என்றாள் வாயாடி. இன்னொருத்தி எழுந்து போய்விடுவாளோ என்று எல்லோருமே ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மாதமாகக் கற்ற வித்தை. ஒரு வேளையில் போய்விடுமா?

கேட் கொஞ்சமாகத் திறந்தது. முதலாளி நின்றார். பழைய குரல் திரும்பியிருந்தது.

"பெரிய மனஸ்தாபம் எதுக்கும்மா? ஒரே ஒரு ஜோடி வாங்க, போதும். இந்த லாரிக்கு மட்டும். இன்னைக்கு ரெட்டைக் கூலி. அப்புறம் அந்த ஜோடி என்னைக்கும் கடைசியாகாது. நான் பார்த்துக்கிறேன்."

யாரும் தலை நிமிரவில்லை. படுத்த படுக்கையான அப்பாக்களும், புதுச் செருப்புகளும், வீட்டு வாடகைகளும் அந்தக் கீற்று நிழலில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

மின்னல் எழுந்தாள்.

துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். நெட்டை அவளைப் பிடித்து இழுக்கவில்லை; கூப்பிடவும் இல்லை. நேற்று மாலை முதலாளியின் அறையில் அந்த நாற்காலியை ஆசையோடு ஒரு கணம் பார்த்தவள்தானே அவளும். எந்த முகத்தோடு கூப்பிடுவாள்?

மின்னல் கேட்டை நோக்கி நடந்தாள். முதலாளி கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்தார். அவள் அவரைத் தாண்டி, கேட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் இருந்த குழாயடிக்குப் போய்க் குனிந்தாள். முகம் கழுவினாள். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். லாரியின் படியில் கிடந்த காலி பாட்டில் ஒன்றை எடுத்துக் கழுவி, நிறையப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குடி" என்று நெட்டையிடம் நீட்டினாள். "முழுசையும் குடிச்சுடாதே. எல்லாருக்கும் வேணும்."

நெட்டை ஒரு வாய் குடித்துவிட்டுப் புதுப் பெண்ணிடம் கொடுத்தாள். பாட்டில் கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"நகந்து உக்காரு" என்றாள் மின்னல். "எனக்கு வெயில் படுது."

நெட்டை நகர்ந்தாள். அவள் நகர, அடுத்தவள் நகர்ந்தாள். சுவர் நெடுக எல்லோரும் ஒரு விரற்கடை நகர்ந்து கொடுத்தார்கள். கேட்டைப் பிடித்தபடி முதலாளி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.